உள் ஸ்பாஞ்ச், வெளி ஸ்பாஞ்ச்

தண்ணீர் குடிக்கப் போய்த்தான் எல்லாம் ஆரம்பித்தது.

ஐப்பசி மழை மூன்றாவது நாளாக விடவில்லை. மந்தைவெளியில் எங்கள் தெருமுனையில் முழங்கால் அளவு தண்ணீர். கல்லூரிக்கு விடுமுறை. சமையலறையில் கவிழ்த்து வைத்திருந்த எவர்சில்வர் டம்ளரை எடுத்து, தண்ணீர் பிடித்து, வாய் வரை கொண்டுபோனேன். குடிக்கவில்லை. டம்ளரில் ஒரு வாடை.

டம்ளர் அழுக்காக இல்லை. முகம் பார்க்கலாம், அப்படிப் பளபளத்தது. வாடை மட்டும் இருந்தது. காயாத துணி, நேற்றைய சாம்பார், எலுமிச்சை சோப்பு மூன்றையும் ஒன்றாகக் கசக்கிய மாதிரி. அடுத்த டம்ளரை எடுத்தேன், அதே வாடை. கரண்டியிலும் அதே. கடைசியில் சிங்க் ஓரத்துச் சோப்பு டப்பாவில் ஊறிக்கொண்டிருந்த ஸ்பாஞ்சை எடுத்து மூக்கருகே கொண்டுபோனேன்.

“அத ஏண்டி மோந்து பாக்குற?” என்றாள் அம்மா.

“இதாலயாம்மா டம்ளரக் கழுவுறோம்?”

“பின்ன, பல்லா தேய்க்கிறோம்?”

ஸ்பாஞ்சைப் பிழிந்தேன். மஞ்சள் கலந்த சாம்பல் நிறத்தில் நுரை வந்தது. மைக்ரோபயாலஜி மூன்றாம் ஆண்டு மாணவிக்கு, புராஜெக்ட் தலைப்பு கொடுக்க இரண்டே நாள் பாக்கி இருக்கும்போது, அந்த நுரையைப் பார்த்தால் என்ன தோன்றுமோ அதுதான் எனக்கும் தோன்றியது. இதற்குள் யார் யார் குடியிருக்கிறார்கள்?

பாதியில் விட்டவை

போன வாரம் இதே பகுதியில் நான் எழுதிய மைக்ரோஸ்கோப் கண்ணாடி உடைந்த கதையைப் படித்துவிட்டு, கல்லூரித் தோழி ஒருத்தி ஃபோன் செய்தாள். “எல்லாத்தையும் ஆரம்பிச்ச கதையா எழுதுற. எதையாவது முடிச்சிருக்கியா?” என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி. ஏழாவது படிக்கும்போது மயிலாப்பூர்க் குளத்தில் தண்ணீர் வாரத்துக்கு எத்தனை படி இறங்குகிறது என்று ஒரு நோட்டுப் போட்டேன். மூன்று வாரம் எழுதினேன். நான்காவது வாரம் மழை வந்து படிகள் மூழ்கிவிட்டன. நோட்டும் எங்கோ போயிற்று. பிறகு தோசை மாவு எத்தனை மணிக்குப் பொங்குகிறது என்று அளந்தேன். ஸ்கேலை மாவுக்குள் விட்டதற்கு அம்மா அதே ஸ்கேலால் முட்டியில் தட்டினாள்.

தோசை மாவை ஏன் சொல்கிறேன் என்றால், பாக்டீரியா என்றாலே முகம் சுளிப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது அதைத்தான். மாவைப் புளிக்க வைப்பதும், பாலைத் தயிராக்குவதும் பாக்டீரியாதான். ‘நிறைய இருக்கிறது’ என்பதும் ‘நோய் வரும்’ என்பதும் ஒன்றல்ல. இரண்டுக்கும் நடுவே ரொம்ப தூரம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒருநாள் மறந்துவிட்டேன்.

ஐந்து வீடு, பத்து ஸ்பாஞ்ச்

எங்கள் ஃபிளாட்டில் எட்டு வீடுகள். அதில் ஐந்து வீட்டுக்குப் பத்துப்பாத்திரம் தேய்க்க வருபவர் ஜெயந்தி அக்கா. என்னைவிட ஆறேழு வயதுதான் மூத்தவர். முன்பு ஆற்றங்கரையில், இங்கிருந்து நடக்கிற தூரத்தில் வீடு. அதை இடித்துவிட்டு ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். இப்போது காலையில் இரண்டு பஸ் மாறி வருகிறார். ஒரே கட்டடத்தில் ஐந்து வீடு கிடைத்ததால்தான் அந்த இரண்டு பஸ் கட்டுப்படியாகிறது என்று அடிக்கடி சொல்வார்.

அந்த ஐந்து வீடுகளிலும் இரண்டு ஸ்பாஞ்ச் உண்டு. ஒன்று சமையலறை சிங்க்கில். பகலில் காபி டம்ளர், தட்டு கழுவ வீட்டுக்காரர்கள் எடுப்பது. இன்னொன்று பின்பால்கனிக் குழாயடியில். குக்கர், வாணலி, இட்லிப் பானை எல்லாம் அங்கேதான் விழும். அது ஜெயந்தி அக்காவுடையது. எந்த வீட்டிலும் இதை யாரும் சட்டமாகச் சொன்னதில்லை. ஆனால் மாறிப்போய் நான் பார்த்ததும் இல்லை.

என் வேலை சுலபம். ஸ்பாஞ்சை ஒரு சுத்தமான பைக்குள் போட்டு, கிருமி நீக்கிய உப்புநீரை ஊற்றி, கையுறை போட்டுப் பிழிந்து, அந்த நீரைக் குப்பியில் பிடிக்க வேண்டும். குப்பியில் வீட்டு எண், பக்கத்தில் ‘உள்’ அல்லது ‘வெளி’.

இரண்டாம் மாடி கற்பகம் மாமி கதவைத் திறந்ததும் என் கையுறையைத்தான் பார்த்தார்.

“என்னடி நித்யா, ஆபரேஷனா?”

“ஸ்பாஞ்சு பிழியணும் மாமி. புராஜெக்ட்.”

“எங்காத்து ஸ்பாஞ்சா? வாராவாரம் வெந்நீர்ல போட்டு எடுக்கறேன், தெரியுமோல்லியோ? நீ ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது. பிழிஞ்சுக்கோ.” பிறகு குரலைத் தாழ்த்தி, “மாமாக்குப் போன மாசம் முழுக்க வயிறு சரியில்லே. எதனாலேன்னு அதுல தெரியுமா?” என்றார்.

தெரியாது என்று சொன்னேன். ஆனால் எனக்குள் ஒரு பெருமிதம் எட்டிப் பார்த்தது உண்மை. இருபது வயதில் யாராவது நம்மை டாக்டர் மாதிரி பார்த்தால் அப்படித்தான் இருக்கும்.

பின்பால்கனியில் ஜெயந்தி அக்கா வாணலியோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார்.

“இன்னா பாப்பா, என் பஞ்சையும் பிழியப்போறியா? எதுக்கு?”

“அதுல எவ்ளோ கிருமி இருக்குன்னு பாக்க.”

“பாத்து?”

“எண்ணணும்.”

“எண்ணி?”

அவர் சிரித்துக்கொண்டே ஸ்பாஞ்சைத் தூக்கிப் போட்டார். “எண்ணிக்க, எண்ணிக்க. வேலையில்லாத வூட்டுப் பொண்ணு.”

வேறு மாதிரி ஸ்பாஞ்ச் ஏதாவது கிடைக்குமா என்று திருவல்லிக்கேணி மேன்ஷனில் தங்கிப் படிக்கும் வகுப்புத் தோழனிடமும் கேட்டேன். “ஸ்பாஞ்சா? எங்க ரூம்ல ஒரே தட்டு மச்சி. பழைய பனியன்தான் அதுக்கு. வேணும்னா பனியனைத் தரேன், நீ தனியா ஒரு டிகிரி வாங்கலாம்” என்றான். பனியனை வாங்கவில்லை. இப்போதும் ஒரு சின்ன வருத்தம் இருக்கிறது.

தட்டில் முளைத்தவை

அடையாறில் எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் காலை நேரத்தில் அகர், அதாவது கிருமிகளுக்கான தீனி, காய்ச்சும் வாசனை வரும். உப்பில்லாத சூப் மாதிரி. அதை வட்டத் தட்டுகளில் ஊற்றி ஆறவிட்டால் ஜெல்லிபோல் இறுகும். அதன்மேல் குப்பி நீரைப் பலமுறை நீர்க்கச் செய்து, ஒரு சொட்டு தடவி, இளஞ்சூட்டுப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான். ஒவ்வொரு உயிரும் தன் இடத்திலேயே பெருகி, கண்ணுக்குத் தெரிகிற புள்ளியாகும். புள்ளிகளை எண்ணினால் கணக்கு வந்துவிடும்.

மறுநாள் பெட்டியைத் திறந்தபோது எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. சந்தோஷத்தில்தான். வெண்ணெய் நிறப் புள்ளிகள், மோர்மிளகாய் மாதிரி சுருங்கிய விளிம்புள்ள புள்ளிகள், ஒரு தட்டில் மட்டும் பளீரென்று மஞ்சள். இத்தனை நாளும் இவர்களோடுதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்!

‘உள்’ தட்டுகளில் கூட்டம்தான், ஆனால் எண்ண முடிந்தது. ‘வெளி’ தட்டுகளில் எண்ணவே இடமில்லை. புள்ளியோடு புள்ளி ஒட்டி, தட்டு முழுக்க ஒரே பாலாடை. ஐந்து வீட்டிலும் அப்படியே. ஒரு வீட்டில் இருந்தால் தற்செயல். ஐந்திலும் இருந்தால்? கண்டுபிடிப்பு!

பஸ்ஸில் உட்கார்ந்தபடியே இரண்டு தட்டுகளின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஃபிளாட் வாட்ஸப் குழுவில் போட்டேன். கீழே எழுதினேன்: ‘இடது: நாம் பயன்படுத்தும் ஸ்பாஞ்ச். வலது: பின்பால்கனி ஸ்பாஞ்ச். ஐந்து வீட்டிலும் இதே நிலைமை!!!’

மூன்று ஆச்சரியக்குறி. ஒன்றுகூடக் குறையாமல்.

“இன்னா எழுதுன நீ?”

நான்கு நாள் கழித்து ஒரு காலையில் அழைப்பு மணி அடித்தது. ஜெயந்தி அக்கா வழக்கமாக மணி அடிப்பதில்லை. கதவைத் தட்டிக்கொண்டே உள்ளே வந்துவிடுவார். அன்று வாசலிலேயே நின்றார்.

“பாப்பா, இன்னா எழுதுன நீ? போன்ல?”

“என்னக்கா?”

“மாமி வாணாம்ன்ட்டாங்க. நாளைலேர்ந்து பாத்திரத்துக்கு வராதன்னு. கீழ் வூட்லயும் அதான். கேட்டா, நித்யா படம் எடுத்துப் போட்டுகீதுன்றாங்க. என் கைல அழுக்காம். மாமாவுக்கு வயித்தால போனது என்னாலயாம்.”

“நான் அப்படி எழுதலக்கா. ஸ்பாஞ்சைப் பத்தித்தான்…”

“யார் பஞ்சு? என் பஞ்சுதான?”

நான் ஃபோனை எடுத்து அந்தப் படத்தைத் திறந்தேன்.

“மூணு வூட்டுக்காக ரெண்டு பஸ்ஸு ஏறி வர முடியாது பாப்பா. வந்தா அஞ்சு, இல்லாட்டி எதுவும் இல்ல. மாசம் முடியறவரைக்கும் வருவேன். அப்பால வேற எங்கனா பாத்துக்கறேன்.” செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். போகிறபோக்கில் திரும்பிப் பார்த்தார். “எண்ணிக்கினு இருந்தா சும்மா எண்ண வேண்டியதுதான? எதுக்கு ஊருக்கெல்லாம் தண்டோரா?”

பின்பால்கனியில் குழாய் வேகமாகத் திறக்கப்படும் சத்தம் கேட்டது. குழுவில் படத்தை அழித்தேன். அதற்குள் எல்லோரும் பார்த்தாகிவிட்டது. ‘நிறைய கிருமி என்றால் நோய் என்று அர்த்தமில்லை’ என்று நீளமாக ஒரு விளக்கம் போட்டேன். அதற்கு இரண்டு கட்டைவிரல் வந்தது. மாமி அந்த விளக்கத்தைப் படிக்கவே இல்லை என்று பிறகு தெரிந்தது. நீளமாக இருந்ததாம்.

அம்மாவின் கை

அந்த ஞாயிறு அம்மா சமையலறையில் இருந்தாள். தி.நகரில் வாங்கி வந்த ஸ்பாஞ்ச் பாக்கெட்டைப் பல்லால் கிழித்தாள். புதியதை எடுத்து சிங்க் டப்பாவில் வைத்தாள். பழையதை ஒருமுறை பிழிந்து, ஃபோனில் சித்தியோடு பேசிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் பின்பால்கனிக் குழாயடியில் வீசினாள். சரியாக அங்கிருந்த சோப்பு டப்பாவில் போய் விழுந்தது. பல வருடப் பழக்கம்.

நான் கையிலிருந்த இட்லியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

“அம்மா, இப்ப என்ன பண்ண?”

“ஃபோன் பேசுறேன்ல?”

“ஸ்பாஞ்ச. பழச அங்க ஏன் போட்ட?”

“பின்ன தூக்கியா போடுவாங்க? இன்னும் ஒரு மாசம் வரும். ஜெயந்தி தேய்க்கட்டும்.” சித்தியிடம், “ஒண்ணுமில்லடி, இவ ஏதோ ஸ்பாஞ்சு ஸ்பாஞ்சுன்னு” என்றாள்.

வெளி ஸ்பாஞ்ச் என்று ஒன்று தனியாகக் கிடையவே கிடையாது! உள் ஸ்பாஞ்சுதான் வயதானதும் வெளியே போகிறது. சமையலறையில் ஒரு மாதம் ஊறி, நாறத் தொடங்கியதும், அங்கே இன்னொரு மாதம். நான் வயது குறைந்த ஸ்பாஞ்சையும் கிழடு தட்டிய ஸ்பாஞ்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ‘நம் கை, அவர் கை’ என்று பெயர் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய முறை ஸ்பாஞ்ச் மாற்றியது நான்தான். பழையதை நானும் அங்கேதான் போட்டேன். அது தவறு என்றோ சரி என்றோ தோன்றவே இல்லை. மின்விசிறியை நிறுத்துவதுபோல் ஒரு வேலை. குப்பியில் ‘வெளி’ என்று எழுதும்போது ஒருதடவைகூட அது ஞாபகம் வரவில்லை.

மற்ற வீடுகளில் எப்படி என்று அன்று மாலையே மாடி மாடியாக ஏறிக் கேட்டேன். நான்கு வீட்டிலும் அதே பதில். கீழ் வீட்டு ஆன்ட்டி மட்டும், “நாங்க அப்படியெல்லாம் இல்லம்மா, நல்லா அலசிட்டுத்தான் குடுப்போம்” என்றார்.

திங்கட்கிழமை கல்லூரியில் என் வழிகாட்டி மேடத்திடம் ஓடினேன். என் அட்டவணையைப் பார்த்து ‘மிக நன்று’ என்று பச்சை மையில் எழுதியவர் அவர்தான். நான் சொல்லி முடித்ததும் அட்டவணையை வாங்கிப் பார்த்தார். பிறகு, “எங்க வீட்லயும் அப்படித்தான் போடறோம்” என்றார். பச்சைப் பேனாவைத் தேடி எடுத்து, ‘மிக நன்று’ மேல் ஒரு கோடு இழுத்தார்.

இரண்டாம் மாடிக்கு ஏறியது

கற்பகம் மாமியிடம் மறுபடி போய் உண்மையைச் சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் மாத முடிவு நெருங்கிக்கொண்டிருந்தது. போனேன்.

“மாமி, அந்தப் படம் தப்பு.”

“கிருமி பொய்யா?”

“கிருமி நிஜம். பேரு தப்பு. அது உங்க ஸ்பாஞ்சுதான் மாமி. நீங்க யூஸ் பண்ணிட்டு வெளில போட்டது.”

மாமியின் முகம் மாறியது. “அப்போ என் கையாலதான் மாமாக்கு வயிறு போச்சுங்கறியா?”

“இல்லவே இல்ல. அதையும் சொல்ல முடியாது. எதையுமே சொல்ல முடியாது. நான் சோதனையே ஒழுங்கா பண்ணல.”

“ஒழுங்காப் பண்ணாததை எதுக்குடி எல்லாருக்கும் காட்டினே?”

இதே கேள்வி ஜெயந்தி அக்காவிடமிருந்தும் வந்தது. இரண்டு பேரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அநேகமாக இதில்தான்.

“தப்புதான் மாமி. மறுபடி பண்றேன். ரெண்டு வாரம். அதுவரைக்கும் ஜெயந்திக்கா வரணும். அவங்க வரலைன்னா சோதனையே இல்ல.”

மாமி கதவைப் பிடித்தபடி யோசித்தார். “ரெண்டு வாரம் வரட்டும். அப்புறம் பார்க்கறேன். நீ சொல்றேங்கறதுக்காக இல்லே. எனக்கும் தெரிஞ்சாகணும்.”

கீழ் வீட்டு ஆன்ட்டி, மாமி என்ன செய்கிறாரோ அதுதான் என்று சொல்லிவிட்டார். ஆக, இரண்டு வாரத்துக்கு ஜெயந்தி அக்காவுக்கு ஐந்து வீடும் உண்டு. அதற்கப்புறம் தெரியாது.

பாதி பாதி

இனிச் செய்யப்போவது இதுதான். ஒரே பாக்கெட்டிலிருந்து ஐந்து புது ஸ்பாஞ்ச். ஒவ்வொன்றையும் நடுவில் வெட்டி இரண்டாக்குவேன். ஒரு பாதி சிங்க்குக்கு, மறுபாதி குழாயடிக்கு. ஒரே நாள், ஒரே வயது. இரண்டு வாரம் யாரும் மாற்றக் கூடாது, வெந்நீரில் போடக் கூடாது.

ஜெயந்தி அக்காவிடம் விளக்கினேன். நான் பேசி முடிக்கும்வரை குக்கர் மூடியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

“என் பாதில நெறைய வந்தா இன்னா பண்ணுவ?”

“அப்படியே எழுதுவேன்க்கா.”

“மாமி பாதில வந்தா?”

“அதையும் அப்படியே எழுதுவேன்.”

“அப்ப எனக்கு இன்னா லாபம்?”

நியாயம்தான். அவர் வெயில் விழுகிற கம்பியில் ஸ்பாஞ்சைச் செருகிக் காயவைப்பவர். நாங்கள் டப்பாத் தண்ணீரில் ஊறவைப்பவர்கள். ஆனால் எண்ணெய்ப் பிசுக்கு வாணலி எல்லாம் அவர் பாதிக்குத்தான் போகும். எது வெல்லும் என்று எனக்கு உண்மையிலேயே தெரியாது. அதை அப்படியே சொன்னேன்.

அவர் மூடியைக் கவிழ்த்து வைத்தார். “உனக்குத் தெரிஞ்சா நீ மாமி பக்கம் பேசுவ. இல்லாட்டி, பாவம் பாத்து என் பக்கம் பேசுவ. உனக்குத் தெரியக் கூடாது.”

நான் சொல்ல வந்ததே அதுதான். ஆய்வகத்தில் அப்படி ஒரு முறை உண்டு. எண்ணுகிறவருக்கு எந்தத் தட்டு யாருடையது என்று தெரியாமல் வைப்பது. ஆனால் முதல்முறை அதைச் செய்யத் தோன்றவில்லை எனக்கு.

ஆகவே குப்பிகளில் ‘உள்’, ‘வெளி’ இருக்காது. ஒன்று முதல் பத்து வரை வெறும் எண்கள். பிழியும் வேலை மேடத்துடையது. எந்தப் பாதிக்கு எந்த எண் என்று ஜெயந்தி அக்கா முடிவு செய்து, ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வார். விஷயம் கேள்விப்பட்ட மாமி, “அவ மாத்தி எழுதிட்டான்னா?” என்று கிளம்பினார். சரி, அவரிடமும் ஒரு பிரதி இருக்கட்டும் என்று முடிவாயிற்று. இரண்டு தாளிலும் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஜெயந்தி அக்கா தன்னுடையதை மடித்துப் பர்ஸில் வைத்தார். மாமி தன்னுடையதைப் பூஜை அலமாரிக்குள்.

செவ்வாய்க்கிழமை வெட்டுகிறோம். இரண்டு வாரம் கழித்துத் தட்டுகளை எண்ணும் அன்று, ஜெயந்தி அக்கா விடுப்பு எடுத்துக்கொண்டு கல்லூரிக்கு வருகிறார். மாமியும் வருகிறார். ஒரே ஆட்டோவில் வருவார்களா என்று இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது. எந்த எண் யாருடையது என்று அந்த இரண்டு பேருக்கும் தெரியும். எண்ணப்போகிற எனக்கு மட்டும் தெரியாது.